கொழுந்துப் பெண் சிலைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும், குழுவிலுள்ள பெரியவர்கள், அண்ணன்மார் அனைவருக்கும் வணக்கம்.

நமது நகரின் பஸ் நிலையத்துக்கு முன்னால் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குச் சிலை வைக்கப்போவதாக நீங்கள் அறிவித்திருக்கிறீர்கள். அதை மனதார வரவேற்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இனி நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு, இவள் சிலையே வேண்டாம் என்கிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சிலை வேண்டும். 1867 இல் இலங்கையின் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட கதை பாடசாலைப் பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தேயிலையில் கொழுந்து எடுத்த பெண்களில் ஒருத்தியின் பெயர் எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. 2023 இல், நமது முன்னோர் தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்கு மலையகம் வந்த 200 ஆண்டுகளை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் நடந்தார்கள். அந்தப் பாதையில் முன்பு இடுப்பில் பிள்ளையோடு நடந்து வந்தவர்களுக்கும் முகம் இல்லை. ஆகவே ஒரு பெண்ணின் உருவம் நமது நகரின் நடுவில் எழுந்து நிற்பது பெரிய காரியம். பெரிய காரியம் என்பதால்தான் அதைப் பிழையாகச் செய்துவிடக் கூடாது என்று பதறுகிறேன்.

நான் லயத்தில், தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், பிறந்தவள். அம்மா கொழுந்து எடுத்து என்னைப் படிக்கவைத்தார். சிற்பம் படித்தேன். இப்போது ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். மற்ற நேரத்தில் களிமண்ணிலும் சீமெந்திலும் பெண் உருவங்கள் செய்கிறேன். வேறு தகுதி எதையும் முன்வைத்து இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

நீங்கள் வெளியிட்ட மாதிரிப் படத்தைப் பார்த்தேன். இருபது வயது முகம். ஒடுங்கிய இடுப்பு. காற்றில் பறக்கும் கூந்தல், கை நிறைய வளையல், மடிப்புக் கலையாத சிவப்புச் சேலை. இடது கை இடுப்பில் இருக்கிறது. வலது கையின் இரண்டு விரல் நுனியில் ஒரு கொழுந்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். முதுகில் கூடை. அதற்குள் ஒன்றுமில்லை. மட்டமான பீடத்தில் இரண்டு பாதமும் சேர்ந்து நிற்கின்றன.

இந்தப் படத்தைப் போனில் எடுத்துக்கொண்டுபோய் எங்கள் பணிய (கீழ்) லயத்தில் காட்டினேன். வேலை முடிந்து, கால் கழுவி, இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) உட்கார்ந்திருந்த அக்காமார் ஆளுக்கொரு தரம் போனை வாங்கிப் பார்த்தார்கள். உங்கள் குழுவில் யாரும் அவர்களைக் கேட்டிருக்க மாட்டீர்கள் என்பதால் அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஒத்தக் கையால கொழுந்து எடுத்தா பொழுது சாய அரைப் பேருதான் விழும்" என்றார் ஒருவர். பேர் என்றால் ஒரு நாள் சம்பளக் கணக்கு. உடனே பக்கத்திலிருந்தவர் தன் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஓடும், கண் ஒரு கைக்கு முன்னால் ஓடும், கைப்பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலால் பின்பக்கம் கூடைக்குள் போகும். அவர் காற்றில் எடுத்துக் காட்டிய வேகத்தை என் கண்ணால் பின்தொடர முடியவில்லை. இன்னொருவர், "படங்கு எங்க? வெறுஞ்சேலையோட நிரைக்குள்ள நுழைஞ்சா வாது கிழிச்சிராது?" என்று கேட்டார். படங்கு என்றால் வேலைக்குப் போகும்போது சேலைக்கு மேல் இடுப்பில் சுற்றிக்கட்டுவது, வாது என்றால் செடியின் கிளை. வளையலும் வாதில் மாட்டும் என்றார்கள். கூடைக் கயிற்றுக்குக் கீழே துணி மடித்து வைக்காமல் தலையில் மாட்டியிருக்கிறாள், உச்சி புண்ணாகிவிடும் என்றார்கள். கொழுந்தை நகத்தால் கிள்ளுகிற மாதிரி விரல் இருக்கிறது, அப்படி யாரும் எடுப்பதில்லை, விரலால் பிடித்து ஒடிக்க வேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். கடைசியாக, வேலையிலிருந்து நின்று சில வருடமான ஒரு பாட்டி படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவ மலைக்கு வந்தவ இல்ல. போட்டோ புடிக்க வந்தவ."

ஐயா, இதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தொழிலை ஆயுள் முழுவதும் செய்தவர்கள், அந்தத் தொழிலைச் செய்யும் உடம்பு எப்படி நிற்கும், எப்படி வளையும் என்று சொல்கிறார்கள். நான் சிற்பம் படித்த காலத்தில் என் வேலையைச் சுற்றிவந்து பார்த்த எந்த ஆசிரியரும் இவ்வளவு துல்லியமாகக் குறை சொன்னதில்லை. உங்கள் சிலைக்கு முதல் ஆலோசகர்கள் அவர்கள்தான்.

அப்புறம் நான் என் தொழிலின் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

தேயிலை மலையில் வேலை செய்யும் பெண்ணின் இரண்டு பாதமும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. மேட்டுப் பக்கக் கால் முழங்காலில் மடங்கியிருக்கும். பள்ளத்துப் பக்கக் கால் நீண்டு, விரல்கள் மண்ணைக் கவ்விப் பிடித்திருக்கும். ஒரு பக்க இடுப்பு ஏறும், மறு பக்கத் தோள் இறங்கும். தலையில் மாட்டிய கயிறு கூடையின் பாரத்தோடு பின்னால் இழுப்பதால் கழுத்து முன்னால் தள்ளி நிற்கும், பிடரியில் இரண்டு நரம்பு கயிறு மாதிரிப் புடைக்கும். தோளில் மாட்டாமல் தலையில் மாட்டுவது இரண்டு கையையும் வேலைக்கு விடுவதற்காக. அதாவது கைகள் செய்யும் வேலைக்கான விலையைக் கழுத்து கொடுக்கிறது. வயிறு செடியின் மேல்மட்டத்தோடு உரசிக்கொண்டே நகரும். நாள் முழுவதும் அப்படி.

நமது சிற்ப மரபில் திரிபங்கம் என்று ஒரு நிலை இருக்கிறது. தலை ஒரு பக்கம், இடை ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக உடம்பு மூன்று இடத்தில் வளைந்து நிற்பது. சோழர் காலத்துப் பார்வதி வெண்கலச் சிலைகளில் அதைக் காணலாம். பார்த்தவர்கள் நளினம் என்பார்கள். எங்கள் பெண்கள் காலை ஏழரை மணியிலிருந்து நிற்பதும் திரிபங்கம்தான். அந்த நளினத்துக்குக் காரணம் மலையின் சரிவு. நீங்கள் மட்டமான பீடத்தில் அவளை நிறுத்தினால் அந்த வளைவு முழுவதும் போய்விடும், உடம்பு பொய்யாகிவிடும். பீடத்தையே சரிவாக வையுங்கள். இந்த ஒன்றை மட்டும் செய்தாலே சிலை பாதி உயிர் பெறும் என்பது என் நம்பிக்கை.

பாதத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2011 இல் தென்கொரியாவின் சியோல் நகரில், ஜப்பானியத் தூதரகத்துக்கு எதிரே ஒரு சிறுமியின் வெண்கலச் சிலையை வைத்தார்கள். போர்க்காலத்தில் ஜப்பானியப் படையினரின் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களின் நினைவாக வைத்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். வெறுங்கால். குதிகால் தரையில் படவில்லை, சற்றே தூக்கியிருக்கிறது. ஊர் திரும்பியும் நிலத்தில் காலூன்றி வாழ விடப்படாதவர்கள் என்பதை அந்தக் குதிகால் சொல்கிறது. பக்கத்தில் ஒரு வெற்று நாற்காலி இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். ஒரு குதிகாலால் அவ்வளவு சொல்ல முடியும் என்றால், அட்டை கடித்த வடுவும், பித்தவெடிப்பும், விரிந்த விரல்களுமாக இருக்கும் எங்கள் பெண்களின் பாதம் எவ்வளவு சொல்லும்! உங்கள் படத்தில் பாதம் சேலைக்குள் மறைந்திருக்கிறது.

பெண் உடம்பைச் சிலையில் எப்படிக் காட்டுவது என்பது இந்தத் தீவில் நேற்று வந்த கேள்வி இல்லை. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கடற்கரைப் பகுதியில் கிடைத்த தாரா தேவியின் சிலை இன்று இலண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொன்முலாம் பூசிய வெண்கலம், 143 சென்டிமீற்றர் உயரம், ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட வேலைப்பாடு. இங்கே ஆளுநராக இருந்த பிரவுன்ரிக் அதைக் கொண்டுபோய் 1830 இல் அங்கே கொடுத்தார். அந்தத் தேவியின் மேலுடம்பில் ஆடை இல்லை. அதனால் ஏறத்தாழ 30 வருடம் அவளை மக்கள் பார்வைக்கு வைக்காமல், ஆய்வாளர்கள் மட்டும் பார்க்கும்படி பூட்டி வைத்திருந்தார்கள். இங்கே கும்பிடப்பட்ட உடம்பு அங்கே ஒளித்து வைக்க வேண்டிய உடம்பாகிவிட்டது. பெண்ணின் உடம்பைப் பார்க்கிறவன் யார் என்பதைப் பொறுத்து அது தெய்வமாகவும் கூச்சமாகவும் சரக்காகவும் மாறுகிறது. தேயிலைப் பெட்டியிலும் சுற்றுலா விளம்பரத்திலும் சிரிக்கும் அந்தச் சிவப்புச் சேலைப் பெண் யார் பார்ப்பதற்காக வரையப்பட்டவள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். பஸ் நிலையத்தில் அவளைப் பார்க்கப்போவது பெரும்பாலும் நாங்கள்தான்.

தெய்வச் சிலைகளின் தாளக் கணக்கில் முகத்தின் நீளத்தை அலகாக வைத்து உடம்பு முழுவதையும் அளப்பார்கள். அழகான கணக்கு. ஆனால் அந்தக் கணக்கில் தேவிக்கு வயதே ஏறாது. வயதேறிய, வற்றிய பெண் உடம்புக்கு நமது மரபில் இடமே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. அதைப் பார்க்க நீங்கள் கொழும்புக்குத்தான் போக வேண்டும். பொலன்னறுவைச் சிவாலயத்திலிருந்து கிடைத்த காரைக்கால் அம்மையாரின் வெண்கலச் சிலை தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விலா எலும்பு தெரிகிறது. மார்பு வற்றித் தொங்குகிறது. கன்னம் ஒட்டியிருக்கிறது. ஆனால் கையில் கைத்தாளம் இருக்கிறது, அவர் பாடிக்கொண்டிருக்கிறார். அழகான உடம்பே வேண்டாம், பேயுருவைத் தா என்று இறைவனிடம் கேட்டு வாங்கியவர் அவர். அந்தச் சிலையின் முன்னால் நின்ற ஒவ்வொரு தடவையும் எனக்கு இரக்கம் வந்ததில்லை, மரியாதைதான் வந்தது. வற்றிய உடம்பைச் செய்தால் அது பரிதாபமாகத்தான் இருக்கும் என்று குழுவில் யாராவது சொன்னால், அவரை அங்கே அழைத்துப்போங்கள். பெயர் தெரியாத அந்தச் சிற்பி எலும்பையும் மகிழ்ச்சியையும் ஒரே உடம்பில் வைத்திருக்கிறார்.

உழைப்பு என்றதும் சிற்பிகளுக்கு ஆண் உடம்புதான் நினைவுக்கு வருகிறது என்பது இன்னொரு பிரச்சினை. சென்னை மெரீனாவில் 1959 இல் வைத்த உழைப்பாளர் சிலையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. பாறையை நெம்பும் தசைகளும் முறுக்கேறிய கால்களும் பிரமாதமானவை. அதில் நான்கு பேர், நான்கு பேரும் ஆண்கள். ஆனால் அதற்கு முன்பே, வங்காளத்துச் சாந்திநிகேதனில் சிற்பி ராம்கிங்கர் பைஜ் 1938 இல் சந்தால் பழங்குடிக் குடும்பம் ஒன்றைச் செய்தார். இடம்பெயர்ந்து நடக்கும் ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் கூடவே ஒரு நாயும். 1956 இல் ஆலைச் சங்கு கேட்டு வேலைக்கு விரையும் இரண்டு பெண்களைச் செய்தார். ஈரச் சேலை காற்றில் பறக்க ஓடுகிறார்கள். பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குக் கூடும் இடத்துக்கு, தப்படித்து அழைத்த காலத்தில் அரைகுறையாகத் தேத்தண்ணி குடித்துவிட்டு ஓடிய நமது பாட்டிமாரை எனக்கு அந்தச் சிலை ஞாபகப்படுத்தும். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் எடுத்துக்கொண்ட பொருள். வெண்கலத்துக்கு வசதியில்லாத இடத்தில் சீமெந்தையும் செம்புறாங்கல் சல்லியையும் கலந்து, கம்பிக் கூட்டின் மேல் கையால் அப்பிச் செய்தார். மேற்பரப்பு சொரசொரப்பாக, வெயிலும் மழையும் பட்ட தோல் மாதிரி இருக்கும். நமது மழைக்கும் பனிக்கும் பொருத்தமான வழி அது. நீங்கள் உத்தேசித்திருக்கும் ஃபைபர் கிளாஸ் சிலையில் அடித்த சிவப்புப் பெயின்ட் சில மழைக்காலத்திலேயே உரியும். பிறகு யார் திரும்ப அடிப்பார்கள்?

வெளியில் தெரியும் உடம்பைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். தெரியாத இடங்களும் உண்டு. தோட்டத்துப் பெண்களிடையே நிரந்தரக் கருத்தடை செய்துகொண்டவர்களின் வீதம் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட மிக அதிகமாக இருந்தது அரசாங்கக் கணக்கெடுப்புகளிலேயே பதிவாகியிருக்கிறது. 1980களில் அந்த ஆபரேஷனுக்குப் பணமும் கொடுத்தார்கள். விரும்பிச் செய்தவர்களும் உண்டு. கையில் காசு இல்லாத மாதத்தில், யாரோ சொன்னதற்குத் தலையாட்டியவர்களும் உண்டு. பெற்ற வயிறு, தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் பிள்ளையை விட்டுவிட்டு மலைக்குப் போய்ப் பால் கட்டிய மார்பு, மறைவிடம் இல்லாத மலையில் மாதவிலக்கு நாளைக் கடத்திய இடுப்பு. இவற்றையெல்லாம் சிலையில் எழுதிக் காட்ட முடியாது, காட்டவும் வேண்டாம். ஆனால் வயிற்றைத் தட்டையாக்கி இடுப்பை ஒடுக்கினால் இவ்வளவும் நடக்கவே இல்லை என்று சிலை சொல்லும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமசம்பளம் வந்ததே 1984 இல்தான். ஒரே சம்பளம் வந்த பிறகும் கவ்வாத்து (தேயிலைச் செடியை மட்டமாக வெட்டும் வேலை) வெட்டப்போன ஆண் மத்தியானத்தோடு வீடு திரும்பினார், கொழுந்து எடுத்தவர் மாலை மடுவத்தில் கொழுந்தை எடை போட்டுவிட்டுத்தான் திரும்பினார். வந்ததும் அடுப்பு. இந்த உடம்பை எந்த அளவுகோலால் அளந்து ஒடுங்கிய இடுப்பு போட்டார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

ஒரு விஷயத்தைச் சொன்னால் அண்ணன்மார் கோபிக்கக் கூடாது. மாசி மாதத்தில் நமது தோட்டங்களில் காமன் கூத்து ஆடுகிறோம். மன்மதன் எரிந்த பிறகு ரதி புலம்பும் இடத்தில் கூட்டம் முழுவதும் அழும். நானும் அழுதிருக்கிறேன். வழிவழியாக ரதி வேடம் கட்டி வந்தவர்கள் ஆண்கள். விரதம் இருந்து, பக்தியோடு, அருமையாக ஆடுகிறார்கள், அதை மாற்றச் சொல்லி நான் இங்கே எழுதவில்லை. ஆனால் நமது ஊரில் ஒரு பெண்ணின் துக்கம் பொதுக்களத்துக்கு வரும்போதுகூட ஆணின் உடம்பு வழியாகத்தான் வந்திருக்கிறது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உங்கள் குழுவிலும் ஒரே ஒரு பெண்ணைத்தான் போட்டிருக்கிறீர்கள். அவரும் மலையில் வேலை செய்தவர் இல்லை. கூத்து ஒரு ராத்திரியில் முடியும். சிலை பேரப்பிள்ளை காலத்திலும் நிற்கும்.

இனி, என்னைத் தூங்கவிடாத ஒரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அன்று இஸ்தோப்பில் எல்லோரும் படத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு அக்கா மட்டும் பேசாமல் இருந்தார். மற்றவர்கள் போன பிறகு என்னிடம் வந்து, "படங்கு, சாக்கு, கிழிஞ்ச சட்டையோட எங்கள நிக்கவைக்காத தங்கச்சி. எங்களுக்கும் நல்ல சீல இருக்கு. அதத்தான் டவுனுக்குக் கட்டிட்டுப் போறோம்" என்றார். அவர் பிள்ளைகள் இருவர் கொழும்பில் கடையில் வேலை செய்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அம்மாவை வேலை உடுப்பில் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறார்.

இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை, இருக்கவும் கூடாது என்று நினைக்கிறேன். தீபாவளிக்கு எடுத்த சேலையில் தன்னைப் பார்க்க விரும்புவது அவருடைய உரிமை. அந்தச் சேலையும் அவருடைய உழைப்பில் வந்ததுதான். விளம்பரக்காரன் உடுத்திவிட்ட சேலைக்கும், தானே தேர்ந்து, கணக்குப் பார்த்து, தவணையில் எடுத்துக் கட்டிய சேலைக்கும் வித்தியாசம் உண்டு. நான் கேட்பதெல்லாம், சேலை எதுவாக இருந்தாலும் அதற்குள் இருக்கும் கழுத்தும் கையும் பாதமும் அவருடையவையாக இருக்கட்டும் என்பதுதான். நல்ல சேலை கட்டினாலும் அந்தக் கழுத்து முன்னால் தள்ளித்தான் நிற்கும். ஒருவேளை ஒரே உருவமாக இல்லாமல், மலையில் ஒருத்தி, டவுனுக்குப் புறப்பட்ட ஒருத்தி என்று இரண்டு பேராகக்கூட இருக்கலாம். ஒரு பெண் எல்லாப் பெண்களுக்காகவும் நிற்க வேண்டும் என்ற பாரத்தை ஏன் ஒருத்தி தலையில் ஏற்ற வேண்டும்? இதை நானோ நீங்களோ முடிவு செய்யாமல் அவர்கள் கூடிப் பேசி முடிவு செய்யட்டும்.

என் தரப்பில் ஒரு யோசனை இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பழைய தெருவோரங்களிலும் தமிழ்நாட்டுக் கிராமப் பாதைகளிலும் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு கல். தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை இறக்கிவைத்து மூச்சு வாங்கலாம். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை வைப்பது வழக்கம். இறக்கி வைக்காமலே போய்விட்டவளுக்காக, வழியில் போகிறவர்கள் தங்கள் சுமையை இறக்கிவைக்க ஒரு இடம். உருவமே இல்லாமல் ஒரு பெண்ணின் உடம்பை இதைவிட ஆழமாக நினைவுகூர்ந்த ஒன்றை நான் எந்த நாட்டுச் சிற்பத்திலும் காணவில்லை. நமது கைக்கெட்டிய மரபு இது.

ஆகவே சிலையின் பக்கத்தில், அதே சரிவான பீடத்தோடு சேர்த்து, ஒரு சுமைதாங்கி கட்டுங்கள். உண்மையாகவே பயன்படுவதாக. சந்தை நாளில் அரிசிப் பையும் மாப் பையுமாக பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களுக்கு இன்று பையை வைக்க நனையாத ஒரு இடம் இல்லை, சேற்றில் வைத்துவிட்டு நிற்கிறார்கள். அதன் உயரத்தை இன்ஜினியரின் புத்தகத்திலிருந்து எடுக்காமல், நாலைந்து அக்காமாரை நிறுத்தி, அவர்கள் குனியாமல் இறக்கிவைக்கும் உயரத்துக்கு அளந்து எடுங்கள். மேலே ஒரு சிறு கூரையும் வேண்டும். கல்லைத் தொட்டுப் பார்க்கிறவர்களும் சாய்கிறவர்களும் இருக்கட்டும். கம்பி வேலி போடாதீர்கள்.

கம்பளைக்குப் பக்கத்தில் பழைய பீக்கொக் தோட்டத்தில், லயக் காம்பராவையே நூதனசாலையாக்கித் தோட்டத் தொழிலாளரின் பொருட்களை வைத்திருக்கிறார்கள். வேலை தொடங்குமுன் குழுவாக ஒரு தடவை போய்வாருங்கள். பாவித்துத் தேய்ந்த பொருள்களில் அவற்றைப் பாவித்த கையின் உருவம் இருக்கிறது. சிற்பியாக யாரைத் தெரிவு செய்தாலும் அவரையும் கூட்டிப்போங்கள்.

சிலைக்குச் செலவழிக்கும் காசில் லயத்துக் கூரைத் தகரத்தை மாற்றலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. கூரை போடுவது தோட்ட நிர்வாகத்தின் கடமை, அரசாங்கத்தின் கடமை. அதைக் கேட்டுப் போராடுவதை எந்தச் சிலையும் நிறுத்தப்போவதில்லை. நான் சொன்ன சீமெந்து வழியில் செய்தால் செலவும் குறையும், நமது ஊர் மேசன்மாருக்கும் வேலை கிடைக்கும். மிஞ்சுகிற காசில் பஸ் நிலையத்தில் பெண்களுக்கு ஒரு ஒழுங்கான கழிப்பறை கட்டுங்கள். அதையும் இந்தத் திட்டத்தின் பகுதியாகவே அறிவியுங்கள், பெண்ணின் உடம்பை மதிக்கிறோம் என்று பீடத்தில் எழுதப்போகிறீர்கள் என்பதால்.

நான் கூலி கேட்கவில்லை. சிலையை நான்தான் செய்ய வேண்டும் என்றும் கேட்கவில்லை. ஒரு முழ உயரத்தில் களிமண் மாதிரி ஒன்று செய்து வைத்திருக்கிறேன், சரிவில் நிற்கும் பெண், நாற்பது வயதுக்கு மேல், இரண்டு கையும் வேலையில். குழு விரும்பினால் கொண்டுவந்து காட்டுகிறேன். அக்காமார் அதிலும் பிழை கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்கள், வலது முழங்கை இன்னும் உயர வேண்டுமாம், திருத்திக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் அடுத்த கூட்டம் வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்கு என்று அறிவித்தலில் பார்த்தேன். தயவுசெய்து அதை ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்துக்கு மாற்றுங்கள். புதன்கிழமை வைத்தால் மலையில் வேலை செய்யும் யாரும் வர முடியாது, வந்தால் அன்றைய பேர் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் லயத்திலிருந்து மட்டும் ஏழெட்டுப் பேர் வரத் தயாராக இருக்கிறார்கள். பக்கத்துத் தோட்டங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நாற்காலி போட்டு வையுங்கள், முன்வரிசையில்.

இப்படிக்கு,
அன்போடும் மரியாதையோடும்,
உங்கள் ஊர்ச் சித்திர ரீச்சர்